வெறும் எடை

மலேசியாவில், காப்பார் படகு ஜெட்டியில் தங்கமணி அக்காவிடம் யாரும் குத்துமதிப்பாகப் பேச முடியாது. கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் பிடிபடும் மடவை மீன் எப்படி வளர்கிறது, கொழுத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று ஒரு பல்கலைக்கழகம் மாதாமாதம் ஆராய்கிறது. அக்கா அதில் பதினோரு வருடமாக மீன் அளக்கிறார். வாணியாகிய நான் அவர் சொல்வதை எழுதுகிறவள். ஒருமுறை மூன்று கிராமை விட்டுவிட்டு முழு எண்ணாக எழுதிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மூன்று கிராமுக்கு!

எங்கள் தாளில் எடைக்கு இரண்டு கட்டங்கள். மீனை அப்படியே தராசில் வைத்தால் முழு எடை. வயிற்றைக் கீறி, குடலையும் சினையையும் எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தால் வெறும் எடை. சினைக் காலத்தில் நானூறு கிராம் காட்டும் மடவை, கீறியபின் முந்நூறுக்கு இறங்கிவிடும்.

"வயித்தப் பாத்து ஏமாறாத லா. முதுகப் புடிச்சுப் பாரு," என்று தலைக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்திக் காட்டுவார். அங்கே சதை இருந்தால்தான் மீன் நன்றாகத் தின்று வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு தெரிந்தவர்தான் வீட்டில் ஏமாந்தார்.

அவர் கணவர் தம்புசாமி அண்ணன் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டியவர். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாத ஆள். போன வருடம் அவருக்கு வயிறு வைத்தது. அறுபத்தைந்து கிலோ அறுபத்தெட்டானது. அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியா வாணி, முப்பது வருஷம் கழிச்சு என் சமையல் வேலை செய்யுது."

நான் சும்மா இருந்தேனா? வீட்டுக்குப் போன போதெல்லாம், "என்னாண்ணே, எத்தன மாசம்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு அக்கா அவருக்கு நீலச் சட்டை ஒன்று வாங்கினார். போட்டுப் பார்க்கும்போது நானும் இருந்தேன். வயிற்றுப் பட்டன் இறுகியது. காலரோ கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. சரிசெய்ய அக்கா பின்னால் கை வைத்தார். அவர் கட்டைவிரல் பிடரியில் அழுந்தி, அப்படியே நின்றுவிட்டது.

"என்னாடி?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்ல. நாளைக்கு கிளினிக் போவோம்."

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈரலில் கட்டி. வயிற்றில் இருந்தது சதை இல்லை, நீர். இனிமேல் செய்வதற்கு அதிகமில்லை என்று டாக்டர் அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார். வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதார்.

"பதினோரு வருஷமா மீனுக்குப் பாத்தேன்டி. இவருக்குப் பாக்கலையே."

நானும்தான் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் பத்து லிட்டர் நீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை நர்ஸ் எடை பார்க்க வந்தபோது, அக்காவே அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் தராசில் ஏற்றினார். வயிறு ஒட்டிப்போய், தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. நான் எட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

கண்ணாடி இல்லாமல் அண்ணனுக்கு எண் தெரியாது.

"எவ்வளவு காட்டுது?"

பழக்க தோஷத்தில் என் கை பேனாவைத் தேடியது.

"அறுபத்தஞ்சு," என்றார் அக்கா. "உங்க பழைய எடைதான்."

"அப்ப தண்ணி மட்டும்தான் போயிருக்கு," என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயந்துட்டேன் லா."

நானும் தலையை ஆட்டினேன்.

அதன்பின் இருபது நாள் இருந்தார். நீலச் சட்டையைப் போட்டுத்தான் அனுப்பினோம். வயிற்றுப் பட்டன் சுலபமாக ஏறியது. கழுத்துப் பட்டனை அக்கா போட்டுவிட்டு, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கைக்குட்டையை மடித்து வைத்தார்.