ஒரு கதவும் தாழ்ப்பாளும்

நான் கல்யாணமாகிப் போன வீட்டுக்குக் கதவு கிடையாது. ஐம்பதுகளில் சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் அது பெரிய குறையும் இல்லை. வாசலில் ஒரு பனையோலைத் தட்டி. அதை ஆடு முட்டித் திறக்கும், நாய் மோந்து திறக்கும், என் நாத்தனார் கேட்காமலே திறப்பாள். அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்தது. வத்தல் விற்ற பணத்தில் கதவு போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தச்சரிடம் விலையும் கேட்டு வைத்தேன். என் வீட்டுக்காரரைத் தனியாக அனுப்பப் பயந்து மூடைகளோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

விருதுநகர் மண்டியில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் நம் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அதுதான் வினை; அடுத்தவன் விற்ற விலை தெரியாவிட்டால் இவருக்குத் தூக்கமே வராது. எங்களுக்கு முன்னால் கை கொடுத்தவர் அடுத்த வீட்டுப் பங்காளி. துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கும்போது லேசாகச் சிரித்தார். போச்சு.

எங்கள் முறை வந்தது. தரகர் விரலைத் தொட்டதும் இவர் கையை உருவிக்கொண்டார்.

"கட்டுபடியாகாது. வண்டியப் பூட்டுதேன், ஊருக்குப் போவோம்."

"தரகரு எம்புட்டுக்குக் கேட்டாரு?"

"அது கெடக்கு. அவன் சிரிச்சதப் பாத்தேல்ல? அவனுக்குக் கூடக் குடுத்திருக்காக."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நேராகத் தரகர் முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி, எனக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேணும். நீங்க குடுக்கிறதுல அது வருமா, வராதா?" என்று கேட்டு, தச்சர் சொன்ன தொகையையும் சத்தமாகச் சொன்னேன்.

மண்டியே திரும்பிப் பார்த்தது. தரகர் அந்தத் துண்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வரும் தாயி. ஒரு பூட்டுக்கும் மிஞ்சும்."

பங்காளி பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அப்ப என் வத்தலுக்கு எத்தன கதவு?"

"அடுத்த தடவ வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க, சொல்லுதேன்."

விற்றோம். கதவும் வந்தது. இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. தச்சர் கதவை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பங்காளியின் வாயைப் பிடுங்கக் கிளம்பிவிட்டார். தச்சர் போனதும் நான் உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டேன். எடுத்தேன். மறுபடியும் போட்டேன். அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் கதவு இடிபட்டது.

"ஏ புள்ள, அவன் வித்த வெல தெரிஞ்சுபோச்சு! தொற!"

குரல் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் நான் அவசரப்படவில்லை.

"யாரு?" என்று கேட்டேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசலைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய்த்தது அன்றைக்குத்தான்.