நிபுணரின் கட்டைவிரலும் எட்டாவது பசையும்

நிபுணர் கட்டைவிரலைத் தூக்கினால் பில்லியர்ட்ஸ் கிளப்பில் உருண்டுகொண்டிருக்கும் பந்துகூட ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே உருளும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் நிபுணர்தான்.

முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், இனி இந்த வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்து, சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். எண்ணெய்க்குப் பக்கத்தில் எலிமருந்து வந்து உட்கார்ந்தது. மனைவி அதைப் பார்த்தாள். எலிமருந்தை எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, பில்லியர்ட்ஸ் ஆடப் போகிற தன் தம்பியிடம், கிளப்பில் இவருக்கு ஏதாவது ஒரு மூலை பிடித்துக் கொடு என்றாள்.

அவளுக்குச் செருப்புப் பட்டறையில் வேலை. அடித்தோல் ஒட்டும் பிரிவு, பிற்பகல் ஷிப்ட். ஒரு ஷிப்டுக்கு இருநூறு ஜோடி. காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை வீடு அவளுடையது. தன் வீட்டில் தன் இஷ்டத்துக்குக் காலை நீட்டிப் படுக்க ஒரு மனுஷிக்குக் கிடைக்கிற நாலரை மணி நேரத்தை எலிமருந்துக்காரரிடம் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

அப்படித்தான் நிபுணர் நிபுணரானார். பந்தை அடிக்கிற கோலின் நுனியில் வெள்ளையாக ஒரு பூண் இருக்கும். அந்தப் பூணின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் ஒட்டியிருக்கும். அதுதான் டிப். ஆட ஆடத் தேயும், பிளக்கும், வேறு ஒட்டவேண்டும். கிளப் மூலையில் உட்கார்ந்து அதை ஒட்டுவதுதான் இவருக்குக் கிடைத்த வேலை. கை பழகியவன் கால்மணி நேரத்தில் முடிக்கிற வேலை. நிபுணருக்கு இரண்டு நாள் வேண்டும். பழைய தோலை பிளேடால் சுரண்டுவார். பூணை உப்புத்தாளில் தேய்ப்பார். ஒரு கண்ணை மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு, சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டு, சோதனைக்கு வருவார்.

சோதனை இதுதான். தினமும் காலையில் வாசனை எண்ணெய் ஒரு கை நிறைய வழித்துப் பூசி, கண்ணாடி மாதிரி வாரிய தலையை வலது கட்டைவிரலால் ஒரு தடவை தடவுவார். அந்த விரலைப் பூணின் மேல் அழுத்துவார். அடுத்து டிப்பின் அடியில் அழுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, "சமம்" என்பார். அப்புறம்தான் பசை.

மனைவிக்கு இதை முதல் தடவை பார்த்தபோதே இது ஒட்டாது என்று தெரிந்துவிட்டது. பட்டறையில் துடைத்துவைத்த அடித்தோலில் யாராவது விரல்நுனி பட்டுவிட்டால் மேஸ்திரி அதைத் திரும்ப அவள் மடியிலேயே விட்டெறிவார். எண்ணெய் பட்ட இடத்தில் எமனே வந்து பசை தடவினாலும் ஒட்டாது. அதை அவள் அன்றைக்கே சொன்னாள். நிபுணர் சிரித்தார்.

"செருப்பு கால்ல போடுறது. இது கையில புடிக்கிறது. ரெண்டும் ஒண்ணா?"

அத்தோடு அவள் விட்டுவிட்டாள். ஒன்பது வருஷமாகிறது.

இத்தனை காலம் தள்ளியதற்குக் காரணம், அந்தக் கிளப்பில் ஆடுகிறவர்கள் பந்தை அடிப்பதில்லை, தட்டிக்கொடுப்பார்கள். டிப் பத்து நாள் இருக்கும், விழும், நிபுணரிடமே வரும். இவ்வளவு வேலை வருகிறதே, எவ்வளவு பெரிய ஆள் என்று கிளப் நினைத்தது. நிபுணரும் அப்படியே நினைத்தார்.

வினை, மனைவியின் தம்பி வழியாகவே வந்தது. கிளப் போட்டியில் அவன் ஒரே ஒரு தடவை நிஜமாகவே அடித்தான். டிப் கோலை விட்டுக் கிளம்பி, விளக்கைச் சுற்றி, முதல் வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் தேநீரில் இறங்கியது. அவர் ஸ்பூனால் கலக்கிக் குடித்துவிட்டு, பிஸ்கட் கொஞ்சம் அழுத்தம் என்றார். மேலாளர் நிபுணரைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிறு நாலு மணிக்கு அதே தம்பிக்கு இறுதி ஆட்டம். அதிலும் டிப் பறந்தால் இந்த மூலை காலி. விளையாட்டுச் சாமான் கடைக்காரன் இதற்கென்றே மெஷின் வைத்திருக்கிறான், அவனுக்குப் போய்விடும்.

நிபுணர் நிலைகுலைந்து போனார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து, குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதாக அறிவித்தார். பசை. இவ்வளவு நாள் கிடைத்த பசையை நம்பி ஏமாந்துவிட்டாராம். இனி மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்துத்தான் எடுப்பாராம்.

அந்த வாரம் முழுவதும் அவர் கிளப்புக்குப் போகவில்லை. ஏழு பழைய கோல்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தன. ஏழு பசைகள் ஜன்னலில் வரிசையாக நின்றன. புது நோட்டு ஒன்று வாங்கி, அழகான கையெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறப்பு, நிறம், மணம், பொறுமை, குணம்.

தண்ணீர் மாதிரி ஓடுகிற சூப்பர் க்ளூ தோலுக்குள் இறங்கி டிப்பைக் கூழாங்கல் ஆக்கியது, செவ்வாய்க்கிழமை விழுந்தது. நோட்டில் 'அவசரக்காரன்' என்று எழுதினார். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்குகிற பசைக்கு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார், அதுவும் விழுந்தது. 'கூட்டுக் குடும்பம், ஒற்றுமை இல்லை.' மரவேலைக்காரரின் வெள்ளைப் பசைக்கு 'சோம்பேறி' என்று பெயர் கிடைத்தது. மனைவியின் பட்டறையில் தடவுகிற மஞ்சள் பசையையும் ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னார். இருநூறு ஜோடிச் செருப்பைத் தினமும் பிடித்துவைத்திருக்கிற அந்தப் பசை, நிபுணரின் கட்டைவிரலுக்கு முன்னால் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. 'நன்றி கெட்டது' என்று எழுதி, இரண்டு கோடு போட்டார். மற்ற மூன்றைப் பற்றி அவர் எழுதியது குழந்தைகள் இருக்கிற வீட்டில் படிக்கத் தக்கதல்ல.

மனைவிக்குப் பசை கவலை இல்லை. நாலரை மணி நேரம் போனதுதான் கவலை. திங்களன்று நிபுணர் அவள் துணி மடிக்கிற விதத்தைத் திருத்தினார். புதனன்று தண்ணீர்க் குழாயை அவள் எத்தனை சுற்றுத் திறக்கிறாள் என்று எண்ணிச் சொன்னார். வெள்ளியன்று டப்பாக்கள் பக்கம் அவர் பார்வை போனது.

சனிக்கிழமை கோலோடு வந்த தம்பி, பேசாமல் கடைக்காரனிடமே கொடுத்துவிடலாமே அக்கா என்று மெதுவாகக் கேட்டான். அவள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அந்த மூல போச்சுன்னா இவரு நாள் பூரா வீட்ல இருப்பாருடா. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. நீ வெச்சுக்கிறியா உங்க மாமாவ?"

தம்பி வைத்துக்கொள்வதாக இல்லை. கோலை வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை நிபுணர் குளித்துவிட்டு வந்து எண்ணெய்ப் புட்டியைத் தேடினார். காணோம். தீர்ந்துவிட்டது என்றாள் மனைவி. நேற்று முக்கால் புட்டி இருந்ததே என்றார். நேற்று இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். அது பட்டறைப் பையில், கையுறைகளுக்கு நடுவே பத்திரமாகப் படுத்திருந்தது.

எண்ணெய் காணாத நிபுணரின் முடியை ஒன்பது வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. காய்ந்ததும் அது எழுந்து நின்றது. முன்னால் விழுந்தது, பின்னால் பறந்தது. எட்டாவது பசை, சூப்பர் க்ளூவிலேயே ஓடாமல் கெட்டியாக இருக்கிற ஜெல், மேஜைமேல் தயாராக இருந்தது. மணி இரண்டு. எதிரே தம்பி. நிபுணர் குழாயின் மூக்கை வெட்டி, குணம் பார்ப்பதற்காக ஒரு பிதுக்குப் பிதுக்கினார். பாதி அவர் கட்டைவிரலில் வழிந்தது. அந்தச் சமயம் பார்த்து முடி கண்ணில் விழுந்தது. பழகின கை. போய்த் தலையைத் தடவியது. திரும்பி வரவில்லை.

ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். புருவம் மேலே போயிற்றே தவிர விரல் வரவில்லை.

"இது ஒட்டுது," என்றார் நிபுணர். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை எடுத்துவிடலாம் என்பது மனைவிக்குத் தெரியும். அவள் கோலைத்தான் எடுத்தாள். பூணை உப்புத்தாளில் நாலு தேய். டிப்பின் அடியை ரெண்டு தேய். பட்டறையில் துடைக்கிற மருந்தை ஒரு சுத்தமான துணியில் நனைத்து இரண்டையும் துடைத்தாள். டிப்பை ஓரத்தில் பிடித்து, ஜெல்லில் அரிசி அளவு ஒரு துளி வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நிபுணர் தலையில் கைவைத்தபடி, சோதனை, சோதனை என்று தவித்தார்.

"கை படாம ஒட்டணுங்க, அவ்ளோதான். எந்தப் பசையா இருந்தாலும் ஒட்டும்."

"பேசாம ஒட்டு. பசைக்குக் கவனம் செதறும்."

அவள் தம்பியைப் பார்த்தாள்; அவன் கூரையைப் பார்த்தான்.

நாலு மணிக்கு நிபுணர் அதே கோலத்தில் கிளப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரல் உச்சந்தலையில். பார்த்தவர்கள் ஆழ்ந்த யோசனை என்று நினைத்து விலகி நடந்தார்கள். தம்பி ஒன்றரை மணி நேரம் அடித்தான். கடைசிப் பந்தில் ஆத்திரத்தில் அடித்த அடியில் வெள்ளைப் பந்தே மேஜையைத் தாண்டி ஓடியது. ஆட்டம் போயிற்று. டிப் இருந்தது. மேலாளர் அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார், நகம்தான் உடைந்தது.

மூலை நிபுணருக்கே என்று ஆயிற்று. என்ன பசை, எப்படி ஒட்டினீர்கள் என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. தம்பி வாயைத் திறந்தான். சாத்திய சமையலறைக் கதவு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

"பசை எட்டுல ஒண்ணுதான் நல்லது," என்றார் நிபுணர். "அதக் கண்டுபுடிக்கத்தான் தலை வேணும்." சொல்லிவிட்டு அந்தத் தலையைத் தொட்டுக் காட்ட அவர் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தரிக்கோலால் அவரை விடுவித்தாள். உச்சியில் வட்டமாக ஒரு வெற்றிடம் விழுந்தது. சரியாக ஒரு டிப் அளவு. நிபுணர் எட்டாம் பக்கத்தைத் திறந்து 'விசுவாசி' என்று எழுதினார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவர் செருப்பு மாட்டிக்கொண்டு, எண்ணெய் வாங்கியாயிற்றா என்று கேட்டார். கடையில் இல்லையாம், அடுத்த வாரம் வருமாம் என்றாள். சரி என்று கிளம்பினார். தெருமுனை திரும்புகிறவரை அவர் முடி காற்றில் கையசைத்துக்கொண்டே போயிற்று. அவள் கதவைத் தாழிட்டு, ஒன்றரை மணிவரை காலை நீட்டிப் படுத்தாள்.