அண்ணி பிழிஞ்ச நெல்லிச்சாறு

எங்க வூட்டுக்காரரு திண்டிவனத்துல ஒரு பட்டறையில பழைய பேட்டரிய ஒடைச்சு ஈயம் உருக்கிக்கினு இருந்தாரு. வருஷம் போகப் போக கை நடுங்க ஆரம்பிச்சுது. சட்டையப் போட்டுக்கினே சட்டை எங்கன்னு தேடுவாரு. ஈயம் மூளைக்கு ஏறுது, முத்தறதுக்குள்ள ஆளக் காப்பாத்தணும்னு எனக்கு அதே கவலை.

தினம் முருங்கைக்கீரை வதக்கி வெச்சேன். தொட்டுப் பார்த்துட்டு தட்டுலயே வுட்டுடுவாரு. பக்கத்து வூட்ல எங்க மூத்த ஓரகத்தி, அவரோட அண்ணன் சம்சாரம். ஏதோ வாரப் பத்திரிகையில படிச்சாளாம், நெல்லிக்காயில ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்குது, ஈயத்தோட விஷம் மூளைய அரிக்காம தடுக்கும்னு. தினம் காலையில ஒரு டம்ளர் சாறு குடுத்தனுப்புவா. அத மட்டும் ஒரே மூச்சுல குடிச்சுட்டு, "அண்ணி கைப்பக்குவமே தனி"ம்பாரு. நெல்லிக்காயப் பிழியறதுல என்னா பக்குவம் கெடக்குது? வயித்தெரிச்சல்தான் எனக்கு, ஏன் மறைக்கணும்.

தவக்காலம் வந்துச்சு. "ஒருசந்தி இருங்க தம்பி, ராத்திரி ஒருவேளை மட்டும் சாப்புடுங்க. பகல்ல நெல்லிச்சாறு போதும், ஆண்டவரு கண்ணத் தொறப்பாரு"ன்னா ஓரகத்தி. நான் சொல்லி எந்த வருஷமும் ஒருசந்தி இருக்காதவரு, அவ சொன்னதும் இருந்தாரு. சாறக் குடிச்சுட்டு வெறும் வயித்தோட பட்டறைக்குப் போனாரு. ஈஸ்டர் வர்றதுக்குள்ள சோத்த வாய்க்குக் கொண்டுபோக முடியாத நடுக்கம்.

மூணு பேருமா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாணமாகி எத்தினி வருஷம்னு டாக்டரம்மா அவரக் கேட்டாங்க. முழிச்சாரு. வூட்ல குடுத்தது, ஒருசந்தி இருந்தது எல்லாத்தயும் நான்தான் சொன்னேன். "கீரை, நெல்லிக்கா எல்லாம் நல்லதுதான். ஆனா வெறும் வயித்தோட போனா ஈயம் இன்னும் ஜாஸ்தியா ஒடம்புல ஏறும். மொதல்ல அந்த வேலைய வுடணும்"னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. திரும்பி ஓரகத்தியப் பார்த்தேன். முந்தானையில கண்ணத் தொடைச்சுக்கினு இருந்தா.

"அழுவாதீங்க அண்ணி, நல்லதுக்குத்தான சொன்னீங்க"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

பஸ்ஸுக்கு நிக்கறப்ப டீக்கடைக்குப் போனாரு. "அண்ணிக்கு காப்பி, சக்கரை கம்மி, ஆத்தக் கூடாது"ன்னு கடைக்காரருகிட்ட ஒண்ணு வுடாம சொன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ காப்பியா, டீயா?"ன்னாரு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து தினம் காலையில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீதான் குடிக்கறோம்.