மரப்படத்தில் விழுந்த வத்தல் கறை

நம் பள்ளி அட்டெண்டர் வேலு அண்ணன் இறந்துபோன செய்தியை முதுகுளத்தூர் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனைக்கு நாம் வரிசையில் நின்றோம். வாசலில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றதை எல்லோரும் பார்த்தோம். நாலு நாள் காய்ச்சலாம். ஊரிலேயே முடிந்துவிட்டதாம்.

"நீயும் அந்தப் பக்கத்துப் பெண்தானே, திங்கட்கிழமை இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நீயே எழுது" என்றார் பெரிய டீச்சர். அன்றே ஒன்று எழுதிக் காட்டினேன். நல்லவர், நேரம் தவறாமல் மணி அடித்தவர், தண்ணீர்ப் பானைகளைச் சுத்தமாக வைத்தவர் என்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னார். இப்போது விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு, அரிக்கேன் விளக்கின் திரியைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வார்டன் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவேன்.

நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் படப் புத்தகம் உங்களுக்கெல்லாம் தெரியும். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், சுதந்திரம் வந்து ஊர் திரும்பும்போது பள்ளிக்குக் கொடுத்தது. நூறு வருடத்துக்கு முன் யாரோ மலை மலையாக அலைந்து, கையால் வண்ணம் தீட்டிய மரங்கள், காட்டுப் பூக்கள், பனி மூடிய சிகரங்கள். பனையைவிட உயரமாக எதையும் பார்க்காத நமக்கு அதில் எதுவும் நம்பும்படியாக இல்லை. ஒரு படத்தில் பிரம்மாண்டமான மரம். அதன் அடியில் எறும்பு அளவில் தொப்பி போட்ட ஒரு மனிதர் அண்ணாந்து நிற்பார். மரத்தின் உயரம் தெரிவதற்காக அவரை வரைந்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனதும், "இம்புட்டுப் பெரிய மரம் எங்கனடி இருக்கு? வரைஞ்சவரு கள்ளக் குடிச்சுட்டு வரைஞ்சிருப்பாரு" என்றாள் காளியம்மாள்.

பெருக்கிக்கொண்டிருந்த வேலு அண்ணன் நிமிர்ந்தார். "ஏத்தா, அவரு நம்ம ஊருக்காரரு. மழை வருமான்னு அண்ணாந்து பாக்காரு, தெரியலையா?"

அன்றிலிருந்து நமக்கு அந்த மனிதர் முதுகுளத்தூர்க்காரர்தான்.

ஒரே படம் வெளிச்சத்தில் வெளுத்துவிடக் கூடாது என்று திங்கட்கிழமைதோறும் வேலு அண்ணன் ஒரு பக்கம் திருப்புவார். முதலில் கையைக் கழுவுவார். அதைத் துடைக்கவென்றே ஒரு துணி வைத்திருந்தார். படத்தை மூடியிருக்கும் மெல்லிய தாளை இரண்டு விரலால் எடுத்து அந்தப் பக்கம் படுக்க வைப்பார். "எல்லாருக்கும் ஒரு வாரம் காத்து வேணும்ல" என்பார்.

ஒரு திங்கட்கிழமை சிகரத்தின் மேல் பூச்சி அரித்த ஓட்டைகளைக் காட்டி, "மலையவே தின்னுப்புடுச்சு பாரு" என்று வருத்தப்பட்டார்.

"எங்க வீட்டுல துவரைக்குள்ள மிளகா வத்தல் போட்டு வைப்பாகண்ணே, வண்டு வராது. இதுலயும் போடலாமா?" என்று கேட்டேன்.

"பொஸ்தகத்தத் தாளிக்கவா போற?" என்று சிரித்தார்.

நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூன்று வத்தல் கொண்டுவந்தேன். அவர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மணி அடிக்க ஓடிய நேரத்தில், சில பக்கம் தள்ளி, முதுகுளத்தூர்க்காரர் நிற்கும் மரத்தின் மேல் வைத்து மூடிவிட்டேன்.

அந்த வருடம் அடைமழை. புத்தகமே நமுத்துப்போயிற்று. இன்ஸ்பெக்டர் வந்தபோது பெரிய டீச்சர் பெருமையோடு அந்த மரத்தைத்தான் விரித்துக் காட்டினார். வத்தல் நசுங்கி, விதை ஒட்டி, அடிமரமெல்லாம் சிவப்பாக ஊறியிருந்தது. யார் வைத்தது என்று கேட்டார்கள். நான் வரிசையில் நின்றேன். வேலு அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நான்தான் டீச்சர். பூச்சிக்காக வச்சேன். புத்தியில்லாமப் போச்சு."

பெட்டியைப் பூட்டி, சாவியை அவரிடமிருந்து அங்கேயே வாங்கிவிட்டார்கள்.

பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், "நான் சொல்லிடுறேன்ணே" என்றேன்.

"ஒரு சாக்குக் கெடச்சாப் போதும், உங்க அய்யா படிப்ப நிறுத்தி ஒன்ன ஆட்டுக்குப் பின்னால அனுப்பிருவாருன்னு நீதான சொன்ன? பேசாம வகுப்புக்குப் போ. எனக்கென்ன, பானையும் மணியும் இருக்கு" என்றார். நான் பேசாமல் வகுப்புக்குப் போனேன்.

சாவி பெரிய டீச்சரின் மேசைக்குள் இருக்கிறது. புத்தகம் அந்தக் கறைப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கிறது. திங்கட்கிழமைதோறும் வேலு அண்ணன் குடத்தோடு ஜன்னல் பக்கம் வந்து, "திருப்புனாகளா?" என்று கேட்பார். இல்லை என்பேன். "அடுத்தது பூவுல்ல. அதுக்கு மூச்சு முட்டும்" என்பார். காய்ச்சலோடு ஊருக்குப் போன அன்றும் கேட்டார்.

டீச்சர், வத்தலை வைத்தது நான். தவறு என்று தெரியாமல் வைத்தேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அவர் அவமானப்பட்டது அதனால்தான். அடுத்த சனிக்கிழமை அய்யா என்னைப் பார்க்க வருவார். இது அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இனி வாசிக்க என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் திங்கட்கிழமைக் கேள்வியை. வாசித்து முடித்ததும் சாவியைக் கேட்பேன். ஒரே ஒரு பக்கம்தான் டீச்சர். கையைக் கழுவிக்கொண்டுதான் வந்திருப்பேன்.

முத்துப்பேச்சி,
நான்காம் பாரம்.