ஈரச் சாக்கில் படுக்கவைத்த கோலி

ஆம்பூரில் நாங்கள் வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பில், சாயங்கால மணி அடித்ததும் சுண்ணாம்புக் குழி ஆட்களுக்கு ஆளுக்கொரு கரண்டி புங்க எண்ணெய் ஊற்றுவார்கள். சுண்ணாம்பு தின்ற கைகாலுக்குத் தடவிக்கொள்ளத்தான். தோலில் மயிர் சுரண்டுகிற ரங்கம்மாளுக்கு அது கிடையாது. பொம்பளை குழிக்குள் இறங்குவதில்லையே என்பது ஷாப்பின் நியாயம். அவள் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். குழி ஆட்களில் ஒருவனான ஆதிகேசவன் தன் பங்கு எண்ணெயைக் கொண்டுபோய், சுவரோரம் அவள் வைத்திருக்கும் கொட்டாங்கச்சியில் ஊற்றிவிட்டுப் போய்விடுவான். யார் ஊற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மேஸ்திரி சம்பந்தம்தான் இரக்கப்பட்டு ஊற்றுகிறார் என்று நினைத்து, அவர் பேரைச் சொல்லி வெள்ளிக்கிழமை விளக்கேற்றினாள். அதைக் கேட்டு ஆதி சிரித்துக்கொண்டான்; மறுநாளும் கொட்டாங்கச்சியில் ஊற்றினான்.

அவனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். குழிக்குள் நிற்கிறவன் ஊறிய தோலைத் தூக்கி மேலே எறிவான். கரையில் நிற்கிறவன் அதை மார்பில் ஏந்திப் பிடித்து, மயிர் சுரண்டுகிற மரக்கட்டையில் போடவேண்டும். தோல் வழுக்கும், கனக்கும், தவறினால் சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும். ஆதி தவறவிட்டு நான் பார்த்ததில்லை. முதலாளி நிசார் அஹமது சாயபு ஒரு நாள் குழியோரம் நின்று இதைக் கவனித்தார். அவருக்குக் கால்பந்தின் மேல் பைத்தியம். ஷாப்பு ஆட்களை வைத்தே ஒரு டீம் நடத்தினார். நானும் அதில் பின்வரிசையில் நின்று ஆடியவன். மறு வாரமே ஆதியை இரண்டு மூங்கில் கம்பத்துக்கு நடுவே பந்து தடுக்கிற கோலியாக நிறுத்திவிட்டார்கள்.

முதல் சில ஆட்டங்களில் ஒரே கதைதான். விசில் ஊதிய சூட்டோடு ஒரு கோல் விழும். அதற்கப்புறம் எத்தனை உதைத்தாலும் ஆதி விடமாட்டான். பந்து பிடிக்கத் தெரியாதவன் என்று சொல்லவும் முடியாது, தெரிந்தவன் என்று நம்பவும் முடியாது. சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் கேப்டன் குர்ஷித், சாயபுவின் அக்கா மகன். பகலெல்லாம் தண்ணீரில் நிற்கிறவன் உடம்பு கட்டையாய்க் கிடக்கிறது, அது இளகி முடிப்பதற்குள் எதிராளி ஒன்று போட்டுவிடுகிறான் என்றார். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் ஆதியை மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடவிட்டார். தோளைச் சுழற்றச் சொன்னார். பிறகு பந்தைத் தரையோடு உருட்டிவிடுவார், அப்புறம் இடுப்பளவு, அப்புறம் தலைக்கு மேலே, இடமும் வலமுமாக. ஒரு தடவை ஆசைப்பட்டு ஜாஸ்தி ஓடவிட்டதில், பாதி ஆட்டத்திலேயே ஆதிக்குக் கால் தளர்ந்துபோனது. ஆகவே கழுத்தில் வேர்வை பொடித்ததும் நிறுத்தி, கம்பளியைப் போர்த்தி உட்கார வைப்பது என்று அளவு வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஆரம்பக் கோல் என்பதே இல்லாமல் போயிற்று. முதல் பந்துக்கே பூனை மாதிரி பாய்வான். கோலிக்குச் சாமி இறக்குறாங்கடா என்று ஜனங்கள் கேலி பேசினார்கள்.

இதில் வயிறெரிந்தவர் மேஸ்திரி சம்பந்தம் ஒருவர்தான். ஓடிப் பழக வேண்டுமென்றால் மணி அடிக்கும் முன்பே ஆதியைக் குழியிலிருந்து அனுப்ப வேண்டும். சாயபு சொன்னதற்காக அனுப்புவார். மறுநாள் ஆழமான குழியாகப் பார்த்து ஆதியை இறக்குவார்.

அந்த வருஷம் மார்கழியில் வாணியம்பாடி டீமோடு கோப்பை ஆட்டம் வைத்தார்கள். ஜெயித்துக் கொடுத்தால் ஆதியைக் குழியிலிருந்து எடுத்து மெருகுக் கொட்டகையில் போடுவதாகச் சாயபு எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார். மெருகுக் கொட்டகை என்றால் ஈரமில்லாத வேலை. காய்ந்த தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. ஆதி அதற்கு ஆசைப்பட்டது பெரிய இடம் என்பதற்காக அல்ல. இன்னொரு வருஷம் சுண்ணாம்பில் நின்றால் விரல்கள் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் அவனுக்காக ஒவ்வொரு ராத்திரியும் ஜெபம் பண்ணினேன்.

ஆட்டத்தன்று மெட்ராஸ் விருந்தாளிகளை அழைத்துவர குர்ஷித் ரயிலடிக்குப் போய்விட்டார். கோலியைத் தயார் பண்ணும் பொறுப்பு மேஸ்திரிக்கு வந்தது. உச்சிவேளையில் அவர் நாலு கோணிச் சாக்கைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, தோல் பதனிடும் மரப்பட்டை அடுக்கிய கொட்டகை நிழலில் விரித்தார். ஆதியை அதில் படுக்கச் சொல்லி மேலேயும் போர்த்தச் சொன்னார். குர்ஷித் பாய் ஓடச் சொல்லியிருக்கிறாரே என்று ஆதி தயங்கினான். மேஸ்திரி விடவில்லை.

"காஞ்ச தோல மடக்குனா இன்னாடா ஆவும்? உடையும். ஊறப்போட்டா தானா இளகும். மனுசத் தோலு மட்டும் இன்னா வேற தோலா? ஓடி ஓடித் தெம்பத் தரையில கொட்டாத. படு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆதி இன்னொரு தரம் கேட்டான். மெருகுக் கொட்டாய்க்கு ஆள் பேர் எழுதுறது குர்ஷித்தா, நானா என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். ஆதி படுத்துவிட்டான்.

மேஸ்திரி வேண்டுமென்றே கெடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருஷம் தோலைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். ஊறினால் இளகும் என்பதை அவர் வேதவாக்காக நம்பினார். ஆனால் பையன் குளிரில் பல் கிட்டிக்கப் படுத்திருந்தபோது, சாக்கு உலர உலர அவரே செம்பில் தண்ணீர் மொண்டு தெளித்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் நான் பார்த்தேன்.

ரயில் தாமதம். குர்ஷித் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு டீமும் இறங்கியாயிற்று. ஆதியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கொடுங்கள், இவனை ஓடவிட்டுக் கொண்டுவருகிறேன் என்று விசிலோடு நின்ற ரெப்ரியிடம் கேட்டார். பொழுது சாய்கிறது, முடியாது என்றுவிட்டார் அவர்.

முதல் பந்து தரையோடு இடது பக்கம் வந்தது. எப்போதும் தூக்கத்தில்கூடப் பிடிக்கக்கூடிய பந்து. ஆதி சாய்ந்தான், கால் கிளம்பவில்லை. கோல். வாணியம்பாடிக்காரர்கள் துணியை வீசி ஆடினார்கள். அடுத்தது தலைக்கு மேலே வந்தது. இந்தத் தடவை அவன் உயிரைக் கொடுத்துப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். விழுந்தபோது அவன் தோளில் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. குர்ஷித் ஓடிவந்து, நீ வெளியே போ, வேறொருவன் நிற்கட்டும் என்றார். ஆதி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றான். வெளியே போனவனுக்கு மெருகுக் கொட்டகை எப்படிக் கிடைக்கும்? ஒற்றைக் கையோடு நின்றான். அப்புறம் ஒவ்வொரு பந்தும் அந்தச் செத்த கைப் பக்கமே வந்தது. எங்கள் ஊர் ஜனங்களே, ஒத்தக் கை கோலி, இன்னொரு கைய வாணியம்பாடிக்கு வித்துட்டியா என்று கத்தினார்கள்.

தோற்றோம். சாயபு ஆதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி ஏறினார். பகல் பூரா படுத்துக் கிடந்தான் மொதலாளி, நான் என்னா பண்றது என்று மேஸ்திரி அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். சாக்கை நனைத்தது யார் என்று குர்ஷித் மாமனிடம் எடுத்துச் சொல்லியும் பார்த்தார். தோற்றவன் பக்கம் யார் கேட்கிறார்கள்? ஏழை சொல் அம்பலம் ஏறாது.

மறுநாளே ஆதியைக் குழிக்கு அனுப்பினார்கள். தூக்க முடியாத கையோடு கரையில் நின்றவனுக்கு, உள்ளே நின்றவர்கள் வேண்டுமென்றே உயரமாக எறிந்தார்கள். "பிடிடா கோலி" என்று ஒவ்வொரு தோலுக்கும் ஒரு குரல். தோல் முகத்தில் விழும், அவன் துடைத்துக்கொள்வான், அடுத்தது வரும். நான் தடுக்கப் போனால் என்னையும் சேர்த்துச் சிரித்தார்கள். மெருகுக் கொட்டகைக்கு மேஸ்திரியின் மருமகன் போனான். புதுக் கோலியாக ஒரு வாலாஜாபேட்டைப் பையனைப் பிடித்து வந்தார்கள். அவனை மணி அடிக்கும் முன்பே அனுப்பி, போய் ஓடுடா, உடம்பு சூடாவட்டும் என்று விரட்டியவர் மேஸ்திரியேதான். ஆதி குழியோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பங்குனிக்குள் அவன் வலது கை விரல்கள் மடங்காமல் போயின. தோளும் தூக்க வரவில்லை. தோல் பிடிக்காதவனுக்கு ஷாப்பில் என்ன வேலை என்று நிறுத்திவிட்டார்கள். அவன் அண்ணன் ஒருவன் ஊரில் குத்தகைக்குக் கடலைக்காய் போட்டிருந்தான். அங்கே போகிறேன் என்று கிளம்பினான். சந்தைக்கு வந்து திரும்புகிற மாட்டு வண்டி ஒன்றில் நான் அவன் மூட்டையை ஏற்றினேன். கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார் தம்பி என்றேன். வேறென்ன சொல்ல எனக்குத் தெரியும்? வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். ஆதி என்னைப் பார்க்காமல் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"உங்க சாமிய இதுல இழுக்காதண்ணே. அன்னிக்கி மொத பந்து எங்க வருதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. உடம்புதான் வரல. யாராவது கேட்டா அத மட்டும் சொல்லு."