எனக்குக் கிடைத்த பெரிய வார்த்தைகள்

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது லாட்ஜ் எங்களுக்கு, இரண்டு வாடகைக் கார்களும் கொழுந்தனுக்கு என்று ஒரு பேச்சிலேயே முடிந்துவிட்டது. இழுபறி ஆனது வெப்சைட்டில்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை லாட்ஜுக்கும் காருக்கும் சேர்த்து ஒரே சைட், இனி ஆளுக்கொன்று. சைட் செய்து கொடுத்த வேலூர்க்காரர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். வெளியூர்க்காரர்கள் தேடும்போது தட்டுகிற ஒரே கீவேர்டை இரண்டு சைட்டும் குறிவைத்தால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளுமாம். மாமனார் நிலத்தைத் தவிர வேறு சொத்து அறியாதவர். "அப்போ வார்த்தையையும் பிரிச்சிடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம், மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். என் கணவர் வார்த்தைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கூடத்தில் இரண்டு கூறாக வைத்தார். ஒரு கூறில் கிரிவலம், தீபம். மறுகூறில் திருவண்ணாமலை, பௌர்ணமி. கிரிவலம் கைவிட்டுப் போய்விடுமே என்று எனக்குப் பயம்.

கொழுந்தன் தன் மனைவியைப் பார்த்தான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். நான் போட்டால் கழுநீர் என்று தள்ளிவைக்கிற காபியை, அவள் போட்டால் இரண்டு டம்ளர் குடிப்பார் மாமியார். அவள் குனிந்து இரண்டு கூறையும் ஒன்றாகச் சேர்த்து என் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் அக்காவுக்கே இருக்கட்டும் மாமா. யாரும் எடுக்காதத நான் எழுதிக்கறேன்."

ஊரே என் மடியில் வந்து விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பிச்சை போட்டதுபோல இருந்தது.

அவர்கள் இருவரும் பக்கத்திலேயே வேங்கிக்காலில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். நான் என் வார்த்தைகளை வைத்துக்கொண்டு லாட்ஜ் சைட்டை எழுதினேன். ஒரு வார்த்தையைக்கூட வீணாக்கவில்லை. முதல் பக்கத்தில் நாலும், ரூம் பக்கத்தில் நாலும், வெந்நீர் உண்டு என்கிற பக்கத்தில்கூட தீபமும் கிரிவலமும். பிறகு தேரடித் தெரு பிரௌசிங் சென்டருக்குப் போய் ஊர் பெயரைத் தட்டித் தேடினேன். சென்னை, பெங்களூர் கம்பெனிகள் வரிசைகட்டி நின்றன. பக்கம் பக்கமாகத் தள்ளியும் எங்கள் லாட்ஜைக் காணோம். கிரிவலம் என்று தட்டினாலும் அதே கதை.

அப்புறம் சும்மா, அவள் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஆளை வைத்து எழுதியிருந்தாள். முட்டிவலிக்காரர்கள் காரில் கிரிவலம் வருவது எப்படி என்று ஒரு பக்கம். பௌர்ணமியன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள், மற்ற நாளில் வாருங்கள், எட்டு லிங்கத்திலும் நிறுத்துவோம், அடி அண்ணாமலையில் இறங்கி உட்கார்ந்து டீ குடிக்கலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு இன்னொரு பக்கம். அவள் பக்கத்தின் தலைப்பை அப்படியே தட்டித் தேடினேன். முதலில் வந்து நின்றாள். வயிறு எரிந்தது.

நேரே மாமனாரிடம் போனேன். "கிரிவலம் என் பங்குங்க. அவ வரப்ப வெட்டிட்டா."

அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "அது முட்டிவலிக்காரங்க கிரிவலம். ஒன்னுது நடக்கறவங்களுது. நீ ஏம்மா சண்டைக்கு வர்ற?"

அவள் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுண்டர் ஒன்று இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாத எதிரி. தினமும் மத்தியானம் சமையலறையை ஒழித்துவிட்டு பிரௌசிங் சென்டருக்குப் போய் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நேற்றைவிட ஏறியிருக்கும். அவளுடைய ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து குறை தேடுவேன். மூடிவிட்டு என் சைட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மறுபடி அவளுடையதைத் திறந்தால் இன்னும் ஏறியிருக்கும். யார் இத்தனை பேர்? இவர்களுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லையா? என் தங்கையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சித்தி மகனைச் சொன்னேன். அவர்களும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிக்கீறாங்க" என்றார்கள். அவர்களோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

இதற்குள் லாட்ஜில் பௌர்ணமியும் தீபமும் தவிர மற்ற நாளெல்லாம் சாவிகள் பலகையிலேயே தொங்கின. சைட்டுக்கு இனி பணம் கட்ட முடியாது என்று என் கணவர் நிறுத்திவிட்டார். மூத்த மருமகளின் சைட் மூடியாயிற்று, இளையவளுடையது ஓடுகிறது.

அவள் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்களும் மூடிடலாம்னுதான்கா இருந்தோம். மொதல்ல ஒரு போன்கூட வரல, கார் சும்மாவே நின்னுச்சு. ஆனா தெனம் மத்தியானம் ஆனா போதும், கவுண்டர் ஏறிக்கினே இருக்கும். யாரோ ஒக்காந்து எல்லாத்தையும் படிக்கறாங்க, அவங்கள ஏமாத்தக் கூடாதுன்னு இன்னொரு பக்கம் எழுதுவேன். அப்படியே எழுதி எழுதித்தான் போன் வர ஆரம்பிச்சுது."

"மத்தியானமா?" என்றேன்.

"ஆமாக்கா. எந்த ஊர்க்காரங்களோ, நல்லா இருக்கணும்."

திறக்கிற ஆள் யாரென்று கவுண்டருக்குத் தெரியாது. கடித்த வடையை இலையிலேயே வைத்தேன். அவளைக் கைதூக்கிவிட்டது நான்! பெற்றவளைவிட நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள், அதை வேறு தாங்க வேண்டும். அன்றோடு பிரௌசிங் சென்டர் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் போகாவிட்டால் அந்தக் கவுண்டர் நிற்கும், அவளும் எழுதமாட்டாள், பார்க்கலாம். மத்தியானங்களில் பாயை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அடுத்த பௌர்ணமி போய்ச் சில நாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு தடவை என்று போய்த் திறந்தேன்.

நான் பார்த்த காலத்தைவிட வேகமாக ஏறியிருந்தது.