பத்மாவை இரண்டாம் வகுப்பில் வைத்துக்கொண்ட விதம்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில், காஜா பெராங்கில் நான் படித்த சிறிய தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் வகுப்பு என்பது நான் ஒருத்திதான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருத்தி குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். சுதந்திரம் வந்தபின் யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்பதில் அவள் அப்பாவுக்குக் கடைசிவரை தெளிவு ஏற்படவில்லை. இன்னொருத்தியின் வீட்டார் செமாபோக் பக்கம் குடிபோனார்கள். மூன்றாவதாக இருந்த பையனை அவன் மாமா ஆங்கிலப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மிஞ்சியது நானும் ஒரு நீளப் பெஞ்சும். ஓரத்தில் உட்கார்ந்தால் அதன் மறுமுனை தூக்கிக்கொள்ளும் என்பதால் நடுவில் உட்காரப் பழகிக்கொண்டேன்.

பள்ளி ஒரே நீளக் கொட்டகை. வகுப்புகளுக்கு இடையில் சுவர் கிடையாது. காலூன்றிய கரும்பலகைதான் எல்லை. முதல் மூன்று வகுப்புகளுக்கும் ஒரே வாத்தியார். அவர் கால அட்டவணையை மிகவும் மதிப்பவர். வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் ஒருத்தி இருந்தாலும் அவருக்கு அட்டவணை அட்டவணைதான்.

திங்கட்கிழமை சுத்தம். “வரிசையில நில்லுங்க” என்பார். நான் எழுந்து வரிசையில் நிற்பேன். நகம், பல், தலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யாரையோ தேடுவதுபோல எனக்குப் பின்னாலும் ஒருமுறை பார்ப்பார். செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு சிலேட்டை மாற்றித் திருத்த வேண்டும். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் கரும்பலகையைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய், அங்கே முதல் இடத்தில் இருந்த தடியனிடம் கொடுப்பேன். “என்னா லா ஒண்டிக்கட்ட, இன்னிக்கு ஒன் கிளாஸ்ல எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று கேட்டபடியே சரியான சொல்லுக்கும் ஒரு கோடு போட்டுத் தருவான்.

புதன்கிழமை மனக்கணக்கு. “யாருக்குத் தெரியும்?” என்று வாத்தியார் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட்டு, “சரி, நீ சொல்லு” என்பார். வியாழக்கிழமை கைவேலை. தேங்காய் நாரில் கயிறு திரிக்க, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் அதைப் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டுத் திரிப்பேன். வெள்ளிக்கிழமை கதை சொல்லுதல். அப்போது ஒன்றாம் வகுப்பில் நிச்சயம் யாராவது அழுவார்கள். வாத்தியார் அங்கே போய்விடுவார். கதை சொல்பவளும் நான், கேட்பவளும் நான்.

அரையாண்டு மதிப்பெண் அட்டையில் முதலிடம் என்று எழுதி வந்தது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த அப்பா அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“பரவாயில்லையே. எத்தன பேர்ல?”

“ஒரு ஆளுல” என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் கொஞ்சம் அழவும் செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பத்மா வந்தது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கு அருகிலேயே செட்டிகளின் குடியிருப்பான கம்போங் இருக்கிறது. பல தலைமுறைகளுக்கு முன்னால் வந்து இங்கேயே வேரூன்றியவர்கள். சாமி கும்பிடுவதும் பொங்கல் வைப்பதும் எல்லாம் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். கோயில் கூட்டமொன்றில், நம் பிள்ளைகளுக்குச் சாமியின் பெயரைத் தமிழில் எழுதக்கூடத் தெரியவில்லையே என்று யாரோ வருந்திப் பேசியிருக்கிறார். கூட்டம் முழுவதும் தலையசைத்தது. பத்மாவின் அப்பா மட்டும் எழுந்து, தன் மகளைத் தருவதாகச் சொல்லிவிட்டார். மலாய்ப் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகள் அடுத்த திங்கட்கிழமை எங்கள் கொட்டகை வாசலில் நின்றாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். உயரத்தில் ஒரு தலை அதிகம்.

வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். தமிழில் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் “தா தாவு” என்றாள். தெரியாது என்று பொருள். பிறகு அவள் அப்பாவிடம், அவருக்குப் புரிந்த அளவுக்குப் புரியட்டும் என்று, வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்.

“வயசுக்கு மூணாம் வகுப்பு. தமிழுக்கு ஒண்ணாம் வகுப்பு. இப்போதைக்கு நடுவுல உக்காரட்டும். மெர்டேக்கா வரைக்கும் பாப்போம். நல்லா வந்தா மேல ஏத்துறேன். வரலன்னா கீழ எறக்குறேன்.”

பத்மா வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். பெஞ்சு அசையாமல் நின்றது.

அன்றைக்கு வாத்தியார் சொன்னதை அவள் அப்பாவைவிட நான்தான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். மேலே போனாலும் பத்மா போய்விடுவாள். கீழே போனாலும் போய்விடுவாள். அவள் என்னோடு இருக்க வேண்டுமானால் மிகவும் நன்றாகவும் படிக்கக்கூடாது, மிகவும் மோசமாகவும் படிக்கக்கூடாது. இரண்டாம் வகுப்பின் அளவுக்குச் சரியாகப் படிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பின் அளவு என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த வகுப்பே நான்தானே.

முதலில் அவளைத் தமிழில் தூக்கிவிட வேண்டியிருந்தது. இடைவேளையில் எல்லாரும் கொட்டகைக்குப் பின்னால் ஓடும்போது நான் அவளைப் பெஞ்சிலேயே பிடித்துவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயையும் அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லையும் வைத்துக்கொண்டு எங்கள் பேச்சு நடந்தது. நான் நிறையப் பேசுவேன். அவள் ஒரு சொல் சொல்வாள், அல்லது சிரிப்பாள். அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கும் சேர்த்து நானே கதை சொன்னேன். வியாழக்கிழமை மெர்டேக்காவுக்காகக் காகிதக் கொடி செய்யும்போது, நான் சிவப்புக் கோடுகளைப் பூச, அவள் காகிதத்தின் முனைகள் சுருளாமல் பிடித்துக்கொண்டாள். அந்த வாரங்களில் நான் தலைவலி, வயிற்றுவலி என்று ஒருநாளும் வீட்டில் தங்கவில்லை என்று அம்மா பிறகு ஆச்சரியத்தோடு சொன்னதுண்டு.

ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. ஒரு புதன்கிழமை வாத்தியார் மூன்றாம் வகுப்பிடம் ஒரு கணக்குக் கேட்டார். ஒரு கூடையில் இவ்வளவு ரம்புத்தான் பழம், அதுபோல ஆறு கூடை, அதில் இவ்வளவு அழுகிவிட்டது, மிச்சம் எத்தனை என்று. மூன்றாம் வகுப்பு விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போது கரும்பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பத்மா மலாயில் விடையைச் சொல்லிவிட்டாள். கேள்வியில் ரம்புத்தானும் எண்களும் மட்டுமே அவளுக்குப் புரிந்திருக்கும். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

கரும்பலகைக்கு மேலே வாத்தியாரின் தலை எழும்பியது.

“யாரு சொன்னது?”

நான் அவள் காலை மிதித்தேன். அதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

“கணக்குக்கு இவ மூணாம் வகுப்புதான்யா” என்று வாத்தியார் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

அன்று பள்ளி விட்டதும் அவளுடைய பையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தை விளக்கினேன். கணக்கை இப்படி உடனே சொன்னால் வாத்தியார் உன்னை மேலே கொண்டுபோய்விடுவார். மெதுவாகச் சொல். சில சமயம் தப்பாகச் சொல். மேலே என்பதற்குக் கையை உயர்த்தியும், தப்பு என்பதற்குத் தலையை ஆட்டியும் காட்டினேன். அவளும் கையை உயர்த்தித் தலையை ஆட்டிக் காட்டினாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “போலே” என்றாள். முடியும் என்று அர்த்தம். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவள் நடிப்பைப் பார்க்க வேண்டுமே. எளிய கூட்டலுக்குக்கூடக் கூரையைப் பார்ப்பாள். விரல்களை மடக்குவாள், பிரிப்பாள், மறந்துவிட்டதுபோல மறுபடி தொடங்குவாள். நானே நம்பிவிடுவேன். “அன்னிக்கு என்னமோ குருட்டாம்போக்குல சொல்லிட்டா” என்று வாத்தியார் கைவிட்டார்.

மெர்டேக்கா விடுமுறைக்கு முந்திய வாரம் அவர் பத்மாவைத் தன் மேசைக்கு அழைத்துச் சோதித்தார். இரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஒரு பக்கத்தைத் திக்கித் திக்கி வாசித்தாள். சொல்வதெழுதுதலில் பாதிக்குமேல் சரி. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, போதும் நிறுத்து என்றும் இருந்தது. பிறகு கணக்கு. வாத்தியார் முட்டை, வாழைப்பழம், மாட்டுக் கால் என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் தப்பாகவும், கொஞ்சம் சரியாகவும், மறுபடி தப்பாகவும் சொன்னாள். நான் செய்திருந்தால்கூட அவ்வளவு அளவாகச் செய்திருக்க மாட்டேன்.

“ம். ரெண்டாம் வகுப்புதான்” என்றார் வாத்தியார். “போய் ஒக்காரு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை அந்தக் கொட்டகையில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விடுமுறையில் ஊரே அலங்காரமாக இருந்தது. அப்பா எங்களைத் திடலுக்கு அழைத்துப்போய்க் கொடிகளையும் கூட்டத்தையும் காட்டினார். நான் பள்ளி திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். பள்ளி திறந்தது. பத்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் வகுப்புத் தடியன் கரும்பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து, “ஒன் கூட்டாளி எங்க லா? பாதி கிளாஸ் காணோமே” என்றான். பள்ளி விட்டதும் நான் நேராக வீட்டுக்குப் போகாமல் செட்டிகளின் கம்போங்குக்குப் போனேன்.

நிலைப்படியில் மாவிலை கட்டிய வீடு. பத்மாவின் அம்மா சாரோங்கும் கெபாயாவும் அணிந்து அடுப்படியில் பலகாரம் செய்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, எனக்குப் புரியும்படி மெதுவாக மலாயில் விஷயத்தைச் சொன்னார். முதல் நாள் வீடு திரும்பியதும், இனித் தமிழ்ப்பள்ளிக்குப் போகமாட்டேன் என்று பத்மா அழுதபோது அவள் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தாராம். மெர்டேக்காவுக்குள் மூன்றாம் வகுப்புக்கு ஏற்றினால் அங்கேயே படிக்க வேண்டும். ஏற்றாவிட்டால் பழைய பள்ளிக்கே திரும்பிவிடலாம். ஏற்றவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதானே என்று அவர் மறுநாளே போய்ப் பழைய பள்ளியில் பேசிவிட்டாராம்.

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் பேச்சுச் சத்தம் எழுந்தது. பத்மா இரண்டு பெண்களோடு வந்துகொண்டிருந்தாள். பேசியவள் அவள்தான். கையை வீசி, யாரோ ஒருவரைப்போல நடந்து காட்டி, மூச்சுவிடாமல் எதையோ சொல்ல, மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்மா இவ்வளவு பேசுவாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்தான். அதில் பொய் இல்லை. ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற இருவரிடமும் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்; அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு அவள் எனக்காகத் தமிழில், நான் கற்றுக்கொடுத்த உச்சரிப்பில், “நீ நல்ல பொண்ணு” என்றாள். அதற்குமேல் எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை. பலகாரத்தைத் தின்று முடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு நடந்து வந்தபோது இதையெல்லாம் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் வாக்கு பத்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மேலே ஏறாவிட்டால் பழைய பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் நான் கேட்டுக்கொண்டதற்காகக் கணக்கைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். எனக்காக எவ்வளவு பெரிய இழப்பை ஏற்றிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. தோழிகள் எதிரில் அவள் சிரித்ததெல்லாம் வருத்தத்தை மறைக்கத்தான் என்றும் முடிவு செய்தேன்.

மறு ஆண்டு, ஒருத்திக்காக ஒரு வகுப்பு எதற்கு என்று அப்பா என்னை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார். எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்த அந்த வகுப்பில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆசிரியை என்னை ஓர் இரட்டைச்சடைப் பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்தார். இடைவேளையில்கூட விளையாடப் போகாமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் அவள். என் பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். எனக்கும் சேர்த்து அவளே பதில் சொன்னாள். தங்கமான பெண். அவள் எது சொன்னாலும் நான் முகமெல்லாம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மணி எப்போது அடிக்கும் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்து வெளியே வந்ததும், தமிழ் பேசும் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று தெருவெல்லாம் தேடிக்கொண்டே, பாவம் பத்மா, நான் இல்லாமல் என்ன செய்கிறாளோ என்று நினைத்துக்கொள்வேன்.